சாவடி மேட்டில் எடுத்த கடையாணி

போன வாரம் கல்லூரியில் படிக்கிற மூன்று பிள்ளைகள் என் பஞ்சர் கடையில் பைக்குக்குக் காற்றுப் பிடித்தார்கள். கழுத்தில் கேமரா தொங்கியது. பழைய வண்டிச் சாவடிகளைத் தேடி வருகிறார்களாம். பெரம்பலூரிலிருந்து அரியலூர் போகிற பழைய தடத்தில் எந்தெந்த இடத்தில் வண்டிகள் நின்று மாடு மாற்றின என்று பார்த்து, படம் பிடித்து, கிடைக்கிற பழைய சாமான்களைக் குறித்து வைக்கிறார்கள். அவர்களில் ஒரு பெண் கேட்டாள்.

"ஐயா, இந்தப் பக்கம் சாவடி மேடுன்னு ஒண்ணு இருக்காமே? சின்ன வயசுல போயிருக்கீங்களா? ஏதாச்சும் எடுத்திருக்கீங்களா?"

நான் கையை நீட்டி வழி காட்டினேன். "மேடு அங்கதாம்மா இருக்கு. நான் ஒண்ணும் எடுத்ததில்ல" என்றேன்.

பைக் போன பிறகும் காற்றுக் குழாயைக் கையில் பிடித்தபடியே நின்றிருந்தேன். ஐம்பத்திரண்டு வயதாகிறது. முன்பின் தெரியாத ஒரு பெண்ணிடம்கூட எனக்கு உண்மை வாயில் வரவில்லை. நான் எடுத்திருக்கிறேன். நிறைய எடுத்திருக்கிறேன். அதில் ஒன்று எடுக்கக் கூடாதது. அதை எடுத்ததையும் எடுத்துவிட்டு வாயை மூடிக்கொண்டிருந்ததையும் இங்கே எழுதப் போகிறேன். நான் ஐந்தாவதோடு நின்றவன். நாலு பேர் முன்னால் பேச வராது. எழுதினால் கொஞ்சம் வரும்.

என் வயதுக்காரர்களான உங்களுக்கு மேட்டில் நோண்டுகிற ருசியைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. உங்கள் ஊரிலும் ஏதாவது ஒரு இடிந்த மண்டபமோ தூர்ந்த கிணறோ இருந்திருக்கும். எங்களுக்குச் சாவடி மேடு. ஊரிலிருந்து கூப்பிடு தூரம். லாரிகள் வருவதற்கு முன்னால் பருத்தியும் கொத்துமல்லியும் ஏற்றிய மாட்டு வண்டிகள் அங்கே இரவு தங்குமாம். அதற்கும் முன்னால் கடிதப் பை ஏற்றிக்கொண்டு ஓடுகிற வண்டி ஒன்று வருமாம். களைத்த மாட்டை அவிழ்த்துவிட்டுப் புது மாட்டைப் பூட்டிக்கொண்டு உடனே கிளம்பிவிடுமாம். எங்கள் காலத்தில் சாவடியின் சுவர் இடுப்பு உயரம்தான் மிச்சம். மாடு கட்டுகிற கல் முளைகள் ஏழெட்டு, பாதி உடைந்த கல் தொட்டி, ஒரு சுமைதாங்கி. அவ்வளவுதான்.

சுமைதாங்கியை இப்போதுள்ள பிள்ளைகளுக்குத் தெரியாது. இரண்டு கல் தூண்களை நட்டு, மேலே ஒரு பலகைக் கல்லைக் கிடத்தியிருப்பார்கள். தலைச்சுமையோடு வருகிறவர்கள் யார் உதவியும் இல்லாமல் சுமையை அதில் இறக்கி வைத்து இளைப்பாறலாம். பிள்ளை பெறாமல் வயிற்றோடு செத்துப்போன பெண்ணின் பேரில் அந்தக் கல்லை வைப்பது வழக்கம். எங்கள் ஊர்ச் சுமைதாங்கிக்கும் ஒரு பெண் உண்டு. பிரசவத்துக்காகத் தாய் வீட்டுக்கு வண்டியில் போனவள், வழியில் வலி கண்டு இந்தச் சாவடியிலேயே இறந்துவிட்டாளாம். அவள் பெயர் யாருக்கும் தெரியாது. பிள்ளைத்தாச்சிக் கல் என்றுதான் சொல்வோம். வயிற்றுப்பிள்ளைக்காரிகள் அந்தக் கல்லைத் தொடக் கூடாது, அதன் நிழலில்கூட நிற்கக் கூடாது என்று ஊரில் ஒரு கட்டுப்பாடு.

நான் ஐந்தாம் வகுப்புப் படித்த வருடம் ஐப்பசி மழை முன்கூட்டியே பிடித்துக்கொண்டது. கரிசல் மண்ணில் மழை பெய்து விட்ட மறுநாள் காலை மேட்டுக்குப் போனால், மண் கரைந்து சாமான்கள் தானாக வெளியே எட்டிப் பார்க்கும். அதிகம் கிடைப்பது மாட்டு லாடம்தான். மாட்டுக்குக் குளம்பு இரண்டாகப் பிளந்திருப்பதால் லாடமும் பாதி நிலா போல இருக்கும். ஒரு மாட்டுக்கு எட்டு. துரு ஏறி, மண்ணோடு மண்ணாக ஒட்டிக் கிடக்கும். விரலால் தடவினால் ஆணித் துளை தட்டுப்படும். ஒரு முறை நாக்கு இல்லாத பித்தளை மணி கிடைத்தது. ஒரு முறை நடுவில் ஓட்டை போட்ட செப்புக் காலணா. மளிகைக் கடைக்காரர் மகன் அதைப் பல நாள் அரைஞாண் கயிற்றில் கட்டிக்கொண்டு திரிந்தான். எனக்கு இருந்த ஒரே கூட்டாளி அவன்தான். இரண்டு பேருக்கும் சேர்த்து அவனே பேசிவிடுவான். அதனால்தான் கூட்டாளியாக இருந்தான் என்று நினைக்கிறேன்.

இரும்பு பொறுக்கியதற்கு ஒரு காரணம் இருந்தது. சனிக்கிழமைதோறும் காலையில் பழைய இரும்புக்காரர் சைக்கிளில் வருவார். பின்னால் ஓலைப் பாயில் சுற்றிய பேரீச்சம்பழப் பொதி இருக்கும். இரும்பைக் கையில் தூக்கிப் பார்ப்பார், அதற்கு ஏற்ற மாதிரி பழத்தைப் பிய்த்துத் தருவார். தராசெல்லாம் கிடையாது.

"என்ன மாப்ள, இன்னிக்கு எந்த மாட்டோட செருப்ப அவுத்தீங்க?" என்பார்.

"கூட வைங்கண்ணே. இது வெள்ளக்காரன் காலத்து லாடம்" என்பான் கடைக்காரர் மகன்.

"வெள்ளக்காரன் போயி எம்புட்டு நாளாவுது? துருதான்டா இருக்கு. இந்தா, திங்கிறதுன்னா தின்னு."

என் பங்கை நான் தின்னமாட்டேன். வீட்டில் அக்கா இருந்தாள். பத்தொன்பது வயது. தலைப்பிரசவம். ஏழாம் மாதம் வளைகாப்பு முடிந்து எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். பேரீச்சம்பழம் என்றால் உயிர்.

"ஏய் ஊமக்கோட்டான், மடியில என்னடா?" என்று வாசலிலேயே பிடித்துவிடுவாள்.

"சூடுடி. நெறமாசத்துல இதத் திங்காத" என்பாள் அம்மா உள்ளேயிருந்து.

"நானா திங்கறேன்? உள்ள இருக்கறவதாம்மா கேக்குறா. எங்கிட்ட சொல்லாத, அவகிட்ட சொல்லிப் பாரு."

அக்கா அப்படித்தான். பதில் சொல்லாமல் ஒரு பேச்சையும் விடமாட்டாள். சில்லறை இல்லை என்று ஏற்ற மறுத்த கண்டக்டரோடு சண்டை போட்டு, பஸ்ஸில் இருந்த எல்லோரையும் தன் பக்கம் பேச வைத்தவள். எனக்குப் பேச வேண்டியதெல்லாம் அவள்தான் பேசுவாள். ஊரில் ஒரு நர்சம்மா இருந்தார். அக்காவின் வயிற்றைத் தடவிப் பார்த்து, "புள்ள பெருசா இருக்கு. வலி வந்தா வூட்டுல வெச்சுப் பாக்க வேணாம், ஒடனே எனக்கு ஆள் அனுப்புங்க. நான் கூட வந்து பெரம்பலூர்ல சேத்துடறேன்" என்று சொல்லியிருந்தார். தினமும் சாயங்காலம் நடக்கவும் சொல்லியிருந்தார். அப்பா வாடகைக் காருக்குக்கூடச் சொல்லி வைத்திருந்தார். எல்லா ஏற்பாடும் சரியாகத்தான் இருந்தது. இதை நீங்கள் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும்.

கார்த்திகை பிறந்ததும் மேட்டில் இரும்பு தட்டுப்படுவது குறைந்துவிட்டது. அடுத்த சனிக்கிழமைக்கு எங்களிடம் ஒன்றுமில்லை. வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடம் விட்டதும் மேட்டில் சுற்றிச் சுற்றி வந்தோம். கடைக்காரர் மகன் சுமைதாங்கியைப் பார்த்தபடி சொன்னான்.

"டேய், இந்த மாதிரி கல்லு நட்டா அடியில பஞ்சலோகம் போடுவாங்களாம்டா. எங்கப்பா சொன்னாரு."

"வேணாம்டா" என்றேன்.

"ஒனக்கு என்னடா பயம்? நீ என்ன முழுவாமலா இருக்க?"

அதற்குச் சிரித்துவிட்டேன். சிரித்த பிறகு மாட்டேன் என்று எப்படிச் சொல்வது? அம்மாவின் களைக்கொத்து என் கையில்தான் இருந்தது. ஊரைப் பார்த்த பக்கத்துத் தூணின் காலடியில் கொத்தினேன். மண் நொளநொளவென்று வந்தது. அரை முழம் போவதற்குள் இரும்பு தட்டியது. தூணுக்கும் அடிக்கல்லுக்கும் நடுவில் ஒரு கடையாணி செருகியிருந்தது. வண்டிச் சக்கரம் கழன்று ஓடாமல் அச்சின் நுனியில் செருகுகிற இரும்பு ஆணி அது. நல்ல கனம். துருகூட அதிகம் இல்லை. பஞ்சலோகம் இல்லையே என்று அவனுக்கு ஏமாற்றம். எனக்கு அப்படியில்லை. கனத்தைப் பார்த்ததுமே அதற்கு எவ்வளவு பழம் தருவார் என்றுதான் மனசு ஓடியது. களைக்கொத்தின் காம்பால் இப்படியும் அப்படியும் தட்டினேன். நாலாவது தட்டில் கையோடு வந்துவிட்டது. மண்ணைத் தள்ளி மூடி, காலால் மிதித்துவிட்டு வந்தோம். கல் அசையக்கூட இல்லை.

எந்தக் காலத்திலோ சாயத் தொடங்கிய தூணுக்கு யாரோ ஒரு வண்டிக்காரர், கையில் இருந்த கடையாணியையே ஆப்பாக அடித்து நிறுத்திவிட்டுப் போயிருக்கிறார். இது எனக்கு வெகு காலம் கழித்துத்தான் புரிந்தது. இந்தத் தொழிலுக்கு வந்து, ஜாக்கி ஏற்றுவதற்கு முன்னால் சக்கரத்துக்குக் கல் அண்டை கொடுக்கப் பழகிய பிறகு. அண்டைக் கல்லை உருவினால் வண்டி உடனே ஓடிவிடாது. கொஞ்ச நேரம் சும்மாதான் நிற்கும்.

சனிக்கிழமை காலை இரும்புக்காரர் கடையாணியைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "யாரு வண்டியிலடா கழட்டுனீங்க?" என்றார். மேட்டில் கிடந்தது என்று கடைக்காரர் மகன் சொன்னான். இரண்டு கை நிறையப் பழம் தந்தார். அக்கா அவ்வளவையும் தின்றாள். கொட்டையைத் துப்பித் துப்பி வாசலில் கோலப்புள்ளி மாதிரி வைத்தாள். அன்று சாயங்காலம் வழக்கம்போல் நடக்கப் போய்விட்டு, கொஞ்சம் தாமதமாகத்தான் திரும்பி வந்தாள். ராத்திரி முழுக்க மழை.

ஞாயிற்றுக்கிழமை காலை பால் ஊற்றப் போனவர்தான் முதலில் பார்த்தார். பிள்ளைத்தாச்சிக் கல் விழுந்து கிடந்தது. ஒரு தூண் சாய்ந்து, பலகைக் கல் சரிந்து, சேற்றில் பாதி புதைந்திருந்தது. நாங்கள் தோண்டிய இடத்தில் மழைத் தண்ணீர் குட்டையாக நின்றது. தோண்டிய தடம் எதுவும் இல்லை. ஊரே மேட்டில் கூடிவிட்டது. ஒருவர் கேட்டார்:

"ஊர்ல யாருப்பா இப்ப நெறமாசம்?"

எல்லோரும் அப்பாவைப் பார்த்தார்கள். ஊரில் அப்போது மாசமாக இருந்தது என் அக்கா ஒருத்திதான்.

அப்பா சட்டென்று நம்புகிற ஆள் இல்லை. "மழையில மண்ணு எளகி சாஞ்சிருக்கு. இதப் போயி என் பொண்ணு தலையில வெக்கிறீங்களே" என்றார். பிறகு கூட்டத்தில் நின்ற எங்கள் இரண்டு பேரையும் பார்த்தார். "நீங்கதானடா எப்பப் பாத்தாலும் இங்க நோண்டிக்கிட்டு கெடக்கீங்க. கல்லுகிட்ட எதாச்சும் நோண்டுனீங்களா?"

கடைக்காரர் மகன், "அய்யய்யோ, இல்ல மாமா. நாங்க அந்தப் பக்கமே போவ மாட்டோம்" என்றான்.

அப்பா என்னைப் பார்த்தார். நான் தலையை ஆட்டினேன். இல்லை என்று ஆட்டினேன்.

"என் புள்ள பொய் சொல்ல மாட்டான்" என்றார் அப்பா ஊரைப் பார்த்து. "அவனுக்குப் பேசவே வராது. பொய் எங்கேருந்து வரும்?"

நான் வாய் பேசாமல் இருந்ததை நல்ல குணம் என்று என் வீட்டார் எடுத்துக்கொண்டார்கள். கூச்சப்படுகிற பிள்ளை கள்ளம் இல்லாத பிள்ளை என்று அந்தக் காலத்துப் பெரியவர்களுக்கு ஒரு எண்ணம். உங்கள் வீட்டிலும் இருந்திருக்கும். நான் அதற்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். நோண்டியதற்காக அப்பா தோலை உரித்துவிடுவார் என்பதுதான் எனக்கு இருந்த ஒரே பயம். அக்காவுக்கு இதனால் ஏதாவது ஆகும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அக்காவுக்கு என்ன ஆகும்? அவள்தான் எல்லோரையும் வாயாலேயே சமாளித்துவிடுவாளே.

செய்தி பஸ் ஏறி அக்காவின் மாமியார் வீட்டுக்குப் போய்விட்டது. அவர்கள் ஊர் கீழப்பழுவூரையும் தாண்டி. செவ்வாய்க்கிழமை காலை பத்து மணி பஸ்ஸில் மாமியார் வந்து இறங்கினார். பின்னாலேயே அக்கா வீட்டுக்காரர், கையில் ஒரு காலிப் பையோடு.

"சம்பந்தி, தப்பா எடுத்துக்காதீங்க" என்றார் மாமியார். தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. "வயித்தோட செத்தவ கல்லு விழுந்திருக்கு. அவ அடுத்தவளத் தேடறான்னுதான் அர்த்தம். இந்த ஊர்ல இவள வெச்சிக்கிட்டு எனக்குச் சோறு எறங்குமா?"

"நர்சம்மா புள்ள பெருசா இருக்குன்னு சொல்லியிருக்காங்க" என்றார் அப்பா. "எல்லா ஏற்பாடும் பண்ணியாச்சு. இந்த ரோட்டுல, நெறமாசத்துல, ரெண்டு பஸ்ஸு மாறி..."

"மத்தியானத்துக்குள்ள வூட்டுல இருப்போம். எங்க ஊர்லயும் மருத்துவச்சி இருக்கா. எம் மவன் அங்கதான் பொறந்தான்."

அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அவளுக்கும் கல்லைப் பார்த்து உள்ளூரப் பயம்தான். அப்பா கடைசியாக அக்காவைப் பார்த்துக் கேட்டார். "நீ என்னம்மா சொல்ற?"

அக்கா இப்போது கத்தப் போகிறாள் என்று நான் காத்திருந்தேன். நான் போக மாட்டேன், நீங்க வேணா போங்க என்று மாமியாரை ஒரு பிடி பிடிப்பாள், எல்லாம் சரியாகிவிடும். அக்கா தரையைப் பார்த்தபடி நின்றாள். அவள் முகத்தில் அப்படி ஒரு பயத்தை நான் பார்த்ததே இல்லை.

"போறேம்ப்பா" என்றாள். அவ்வளவுதான்.

பஸ் நிற்கிற இடம் வரைக்கும் எல்லோரும் போனோம். பஸ் தூரத்தில் வரும்போது மாமியாரின் சேலையைப் பிடித்து இழுத்தேன்.

"அத்த..."

"என்னடா தம்பி?"

எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். அப்பாவும் பார்த்தார்.

"கொட... மழ வரும். கொட எடுத்துக்கிட்டுப் போங்க" என்றேன். என் கையில் இருந்த குடையை நீட்டினேன்.

"பாத்தீங்களா, அக்கா மேல எம்புட்டுப் பாசம்!" என்று மாமியார் என் தலையைத் தடவினார். பஸ்ஸில் ஏறினார்கள். அக்கா சன்னல் ஓரம் உட்கார்ந்தாள். என்னைப் பார்த்துச் சிரிக்கவில்லை.

பிரசவத்துக்குப் போகிற வழியில் செத்தவளுக்குப் பயந்து, பிரசவத்துக்கு இருந்தவளைத் தூக்கி வழியில் விட்டோம். இதைப் பெரியவர்கள் அத்தனை பேரில் ஒருவர்கூட யோசிக்கவில்லை.

அரியலூரில் பஸ் மாறி, பள்ளமும் மேடுமாகக் குலுங்கிக்கொண்டு போகும்போது கீழப்பழுவூர் நெருங்குகையில் வலி கண்டுவிட்டது. அங்கேயே இறக்கினார்கள். பஸ் நிறுத்தத்துக்கு எதிரே இட்லிக்கடை வைத்திருந்த அம்மா ஒருவர், யார் எவர் என்று கேட்காமல் தன் வீட்டுக்குள் இட்டுப்போனார். மறுநாள் காலை ஆள் வந்து சொன்னதும் அம்மாவும் நானும் ஓடினோம். இட்லிக்கடை அம்மா எங்களைப் பார்த்ததும் அழுதுவிட்டார்.

"தல வந்துடுச்சும்மா. தோளு வரல. மாட்டிக்கிச்சு. வண்டி தேடி ஆள் போயிருக்கு, வண்டி வரல. நான் புள்ளையப் பாப்பனா, கையப் பாப்பனா? இழுத்துட்டேன். இழுக்கலன்னா ரெண்டும் போயிருக்கும்."

அவர்தான் இரண்டு உயிரையும் காப்பாற்றியவர். அவர் மேல் ஒரு குறையும் கிடையாது.

பெண் குழந்தை. நல்ல பெரிய குழந்தை. இடது கையை முறுக்கி முறுக்கி ஆட்டியது. வலது கை பக்கத்தில் கிடந்தது. ஈரத்துணியை வைத்த இடத்தில் வைத்த மாதிரி கிடந்தது. மாமியார் அந்தக் கையைத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டு சொன்னார்: "அவ கையப் புடிச்சு இழுத்திருக்கா. நம்ம புள்ள உதறிக்கிட்டு வந்துட்டா. கையோட போச்சே, அதுவே போதும் சாமி." அம்மாவும் ஆமாம் என்றாள். அன்றிலிருந்து அதுதான் கதை. எல்லோருக்கும் அதில் ஓர் ஆறுதல் இருந்தது. மூலையில் நின்ற எனக்கு மட்டும் இல்லை. அக்கா சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். என்னை ஊமைக்கோட்டான் என்று கூப்பிடவில்லை. அதற்கப்புறம் எப்போதுமே கூப்பிடவில்லை.

ஒரு வயதில் கல்லங்குறிச்சிக் கோயிலில் மொட்டை போட்டுக் காது குத்தினார்கள். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். எனக்குப் பன்னிரண்டு வயது. புது வேட்டி கட்டிவிட்டு, குழந்தையை என் மடியில் வைத்தார்கள். ஆசாரி ஊசியை எடுத்ததும் அது இடது கையால் அவரைத் தள்ளியது. வலது கை என் தொடை மேல் கிடந்தது. வெதுவெதுப்பாக இருந்தது. "தாய்மாமன் அழுவுறான் பாரு!" என்று எல்லோரும் சிரித்தார்கள். ஆறாவது படிக்கப் பெரம்பலூர் போக வேண்டும் என்றால் மேட்டைத் தாண்டித்தான் பஸ் ஏற வேண்டும். நான் போகவில்லை. ஏன் என்று யாரும் பெரிதாகக் கேட்கவும் இல்லை.

அந்தப் பெண் இடது கையால் எழுதிப் படித்தாள். அங்கன்வாடியில் டீச்சர் ஆனாள். கல்யாணமும் ஆயிற்று. அரியலூரில் வீடு. அக்காவும் மாமாவும் அவளோடுதான் இருக்கிறார்கள். "ஒரு அம்மா என் கையப் புடிச்சிக்கிட்டு வுட மாட்டேன்னுச்சாம் மாமா" என்று சின்ன வயதில் சிரித்துக்கொண்டே சொல்வாள். நான் வேறு பக்கம் பார்ப்பேன். கடைக்காரர் மகன் திருப்பூர் போய்விட்டான். அவனும் நானும் அதைப் பற்றி ஒருநாளும் பேசிக்கொண்டதில்லை.

ஐந்து மாதத்துக்கு முன்னால் அக்கா மகளின் மகளுக்கு வளைகாப்பு. இந்தக் காலத்து வழக்கப்படி தாய் வீட்டிலேயே வைத்தார்கள். கூடத்தில் பெண்கள் ஒவ்வொருவராக வளையல் போட்டுக்கொண்டிருந்தார்கள். "அம்மாயி, வாங்க! நீங்கதான் மொதல்ல போட்டிருக்கணும்" என்று வளைகாப்புப் பெண் தன் பாட்டியைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். அக்கா வரவில்லை.

"எங்கம்மா எந்தப் புள்ளத்தாச்சி பக்கத்துலயும் போவாது மாமா" என்றாள் அக்கா மகள் என் காதருகே. "என்னத் தவிர வேற புள்ள வேணாம்னுச்சே, அதுவும் இதாலதான். எங்கிட்ட தோசம் இருக்குங்கும். என்னா தோசம்னு கேட்டா சொல்லாது. எம் பொண்ணு பிரசவத்துக்கு ஆஸ்பத்திரிக்கும் வர மாட்டேன்னுடுச்சு. அதுக்குப் பாவம், அம்மாயி வேணும்னு ஒரே அழுவ."

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அக்காவுக்கு என்ன தோஷம்? ஒருவேளை அந்தக் கல்லை நினைத்துத்தானோ? எழுந்து கொல்லைப்பக்கம் போனேன். அக்கா குழாயடியில் உட்கார்ந்து வாழையிலையைத் துடைத்து அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"உள்ள போக்கா. பொண்ணு கூப்புடுது."

"நீ போயி ஒக்காருடா. எல போடப் போறாங்க."

"கல்லு விழுந்ததுக்கும் ஒனக்கும் என்னக்கா இருக்கு?"

அவள் கை நின்றது. நான் பக்கத்தில் உட்கார்ந்து, அவள் முகத்தைப் பார்க்காமல், சொல்லிவிட்டேன். களைக்கொத்து, கடையாணி, பேரீச்சம்பழம் எல்லாம். சொல்லி முடிக்க ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.

"என்னிக்கு எடுத்த?" என்றாள்.

"வெள்ளிக்கெழம சாயந்திரம்."

"வெள்ளிக்கெழமையா? சனிக்கெழமைக்கு முன்னாடியா?"

"ஆமாக்கா."

அக்கா கையில் இருந்த இலையை மெல்லக் கீழே வைத்தாள்.

"சனிக்கெழம நடக்கப் போனேன். இடுப்பு கடுத்துது. தொடக்கூடாதுன்னு தெரியும். எவ பாக்கப் போறா, கல்லு என்ன கடிக்கவா போவுதுன்னு அந்தத் தூணுல முதுகச் சாச்சு நின்னேன்டா. ஆடுச்சு. எம் முதுகுல நல்லாத் தெரிஞ்சிது, ஆடுச்சு. ஓடியாந்துட்டேன். காலையில விழுந்து கெடக்குங்கறாங்க." என்னை நிமிர்ந்து பார்த்தாள். "அதான் ஆடுச்சா?"

"அதான்க்கா."

"அப்ப நான் தள்ளல."

"நீ இல்லக்கா."

நான் அறிந்தவரை, எதற்கும் வாய் மூடாத என் அக்கா அந்தச் செவ்வாய்க்கிழமை ஏன் பேசாமல் நின்றாள் என்று நாற்பத்தோரு வருடம் கழித்து எனக்குத் தெரிந்தது. வாயைத் திறந்தால் நீ ஏன் அங்கே போனாய், ஏன் தொட்டாய் என்று கேட்பார்களே என்று பயந்திருக்கிறாள். ஒரே வாசலில் இரண்டு பேரும் ஒரே கல்லை மறைத்துக்கொண்டு நின்றிருக்கிறோம். நான் மறைத்தது அடிக்குப் பயந்து. அவள், தன் பிள்ளையைத் தானே கெடுத்துவிட்டதாக நினைத்து.

"ஏன்டா அன்னிக்குச் சொல்லல?"

"அப்பா அடிப்பாருன்னு."

"அடிச்சா ரெண்டு அடி அடிப்பாரு." அவள் குரல் உயரவே இல்லை. "கொட குடுத்தியே. அந்த நேரத்துல ஒரு வார்த்த சொல்லியிருந்தா பஸ்ஸுலேருந்து குதிச்சிருப்பேன்டா."

அக்கா எழுந்து கையைக் கழுவினாள். முகத்தையும் கழுவினாள். முந்தானையால் துடைத்துக்கொண்டு வாசற்படி வரை போய், திரும்பாமல் சொன்னாள்:

"சாப்புட்டுட்டுப் போ. நானா கூப்புடற வரைக்கும் இந்த வூட்டுக்கு வராத."

உள்ளே அக்கா மகளின் குரல் கேட்டது. "ஏய், எங்கம்மா வருதுடி! நவுருங்க, நவுருங்க!" பெண்கள் குலவை போட்டார்கள். நான் பக்கத்துச் சந்து வழியாக வெளியே வந்து, பஸ் ஏறிவிட்டேன்.

அக்கா பேத்திக்கு ஆண் குழந்தை. அரியலூரில்தான் பிரசவம். அக்கா மகள் போனில் சொன்னாள்: "நர்சு கொழந்தையக் கொண்டாறதுக்குள்ள எங்கம்மா கைய நீட்டிடுச்சு மாமா. யாருக்கும் குடுக்க மாட்டேங்குது." பிறகு கேட்டாள். "ஒங்களுக்கும் அம்மாவுக்கும் என்ன மாமா? ஏன் வர மாட்டேங்கிறீங்க? கேட்டா, அவனையே கேளுங்குது."

"ஒண்ணுமில்லம்மா" என்றேன்.

அக்காவிடம் சொன்னால் முடிந்தது என்று நினைத்திருந்தேன். முடியவில்லை. போன கை அக்காவுடையது அல்ல, அவள் மகளுடையது. அக்கா வேண்டுமென்றேதான் சொல்லாமல் என்னிடம் விட்டிருக்கிறாள். நேரில் போக எனக்கு அனுமதி இல்லை. போனில் சொல்ல வாய் வராது.

ஆகவே எழுதிவிட்டேன். உங்களுக்கென்றுதான் ஆரம்பித்தேன். ஆனால் இந்தத் தாள்கள் முதலில் அக்கா மகளுக்குத்தான் போகும். படித்துவிட்டு, யாருக்கும் காட்ட வேண்டாம் மாமா என்று அவள் சொன்னால், நீங்கள் இதைப் படிக்க மாட்டீர்கள்.